உட்கார்ந்த இடத்திலேயே 116!

ரத்தம் கொடுக்காமலே ஜூஸும் பிஸ்கட்டும் சாப்பிட்ட ஆசாமியை நீங்கள் பார்த்ததுண்டா? அடியேன்தான் அது!

ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆபீஸில் ரத்ததான முகாம். எனக்கு அப்போது 27 வயசு. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த நர்ஸம்மா புருவத்தை உயர்த்தினார்.

"ஓடி வந்தீங்களா தம்பி?"

"இல்லீங்க... அரை மணி நேரமா க்யூவுல இங்கேதான் உக்காந்திருக்கேன்."

"பயமா?"

"இது நாலாவது தடவைங்க. பயமெல்லாம் கிடையாது."

"116 இருக்கே! கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே உக்காருங்க."

உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் 114. இன்னும் பத்து நிமிஷம்... 118! நாடி 60-க்கும் 100-க்கும் நடுவில் இருந்தால்தான் ரத்தம் எடுப்பார்களாம். அதுதான் விதி. "பரவாயில்ல தம்பி, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று ஜூஸைக் கையில் கொடுத்து அனுப்பி வைத்தார்.

சீட்டுக்குத் திரும்பினால், பக்கத்து சீட் நண்பர் கண்ணடித்தார். "என்ன தலைவா, நர்ஸ் கையைப் பிடிச்சதும் எகிறிடுச்சா?"

ஆபீஸே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு கழுத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். 108. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது 122. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மூன்று நாலு மாசமாகவே மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் யாரோ உரலில் குத்துவது மாதிரி இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே கையும் காலும் ஓய்ந்துபோகும். "வயசாயிடுச்சுடா" என்று எனக்கு நானே ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்... 27 வயசில்!

எல்லாம் நார்மல்!

முதல் டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். நார்மல். கொஞ்சம் ஸ்பீடு, அவ்வளவுதான். ரத்தசோகை இருந்தால் இதயம் வேகமாக அடிக்கும் என்று ஹீமோகுளோபின் பார்த்தார். நார்மல். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படி ஆகுமாம். அதுவும் நார்மல். காய்ச்சல் இல்லை. ஆஸ்துமா மருந்து எடுத்துக்கொள்ளவில்லை. சிகரெட் கிடையாது. (அம்மா மேல் சத்தியமாக, ஸார்!)

இரண்டாவது டாக்டர் எக்கோ எடுத்துப் பார்த்தார். வால்வு, சுவர், பம்ப் பண்ணும் சக்தி எல்லாமே முதல் வகுப்பில் பாஸ். "உங்க ஹார்ட் சூப்பரா இருக்கு. கொஞ்சம் டென்ஷன் பார்ட்டியோ?" என்று கேட்டு, தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது டாக்டர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. "கல்யாணம் ஆச்சா?" என்றார். "இல்லை" என்றேன். "பண்ணிக்கோ, சரியாப் போயிடும்!"

வீட்டில் வேறு மாதிரி வைத்தியம். அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். எதிர்வீட்டு மாமி பூண்டு சாப்பிடச் சொன்னார். மேல்வீட்டுக்காரர் அருகம்புல் ஜூஸ் என்றார். பூண்டும் அருகம்புல்லும் சேர்ந்ததில் என்னிடமிருந்து நண்பர்கள் விலகினார்கள், துடிப்பு விலகவில்லை.

ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். அந்த 'நார்மல்' எனக்கு எதிரான சாட்சியாக மாறும் என்று அப்போது தெரியாது.

ஆபீஸில் நாலு நாள் லீவு கேட்டு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? 'இதயம் வேகமாகத் துடிக்கிறது. காரணம் தெரியவில்லை' என்று உள்ளதை எழுதினேன். மேனேஜர் கூப்பிட்டார்.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"ஒண்ணுமில்லைங்கறார் ஸார்."

"டாக்டரே ஒண்ணுமில்லைங்கறார். அப்புறம் எதுக்குய்யா லீவு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கேட்டதில் தப்பும் இல்லை. பார்க்க ஆள் திடமாக இருக்கிறேன். நொண்டவில்லை, இருமவில்லை, கட்டுப் போடவில்லை. நெஞ்சுக்குள் ஓடுகிற ரேஸ் வெளியில் தெரியாதே!

அதே வாரம் பீச்-தாம்பரம் ரயிலில் சாயங்காலக் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாம்பலம் தாண்டியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்துவிடுவோம் என்று பயந்து அப்படியே தரையில் உட்கார்ந்தேன். "சாயங்காலமே ஏத்திட்டு வந்துட்டான்யா" என்றது ஒரு குரல். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பூக்கார அம்மாதான் தண்ணி பாட்டிலை நீட்டினார். "குடி ராசா. காலை நீட்டி உக்காரு." மூன்று டாக்டர்கள் சொல்லாத வைத்தியம் அது. அது சரியான வைத்தியம்தான் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

நெஞ்சில் ஒரு டேப் ரிக்கார்டர்

நாலாவதாகப் போனது ஒரு டாக்டரம்மாவிடம். முதல் வேலையாக ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்தார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் பத்து நிமிஷம் படுக்கவைத்து நாடியும் பி.பி.யும் பார்த்தார், பத்து நிமிஷம் நிற்கவைத்துப் பார்த்தார். "நாளைக்கு ஒரு ஹோல்ட்டர் போட்டுடலாம்" என்றார்.

ஹோல்ட்டர் என்பது ஒரு நாள் முழுக்க ஈ.சி.ஜி. பதிவு பண்ணும் சின்னப் பெட்டி. நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. 1940-களில் அவர் செய்த முதல் கருவி முப்பது கிலோவுக்கு மேல் எடை. முதுகில் மூட்டை மாதிரி கட்டிக்கொண்டு திரியவேண்டும். நல்லவேளை, நான் லேட்டாகப் பிறந்தேன்! எனக்குக் கொடுத்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.

கூடவே ஒரு டைரி. எத்தனை மணிக்கு என்ன செய்தோம் என்று எழுதவேண்டும். '11.20 - மேனேஜர் கூப்பிட்டார்' என்று எழுதியிருந்தேன். அந்த நிமிஷம் 138! அது யாருக்கும் எகிறும்தான். ஆனால், '9.15 - சாய்ந்துகொண்டு டி.வி. பார்த்தேன்' என்ற இடத்திலும் 112. டாக்டரம்மா அங்கேதான் பேனாவால் கோடு போட்டார். விழித்திருக்கும்போது சராசரி 112. தூக்கத்தில் 78. மொத்தம் 24 மணி நேரத்துக்கு 101.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 72 என்றால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்பு. எனக்கோ 1,45,440! தினமும் நாற்பதாயிரத்துச் சொச்சம் துடிப்பு ஓவர்டைம்... சம்பளம் இல்லாமல்! மத்தியானம் மூன்று மணிக்கு ஏன் ஓய்ந்துபோகிறேன் என்று எனக்கே புரிந்தது.

"இதுக்குப் பேர் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "இன்அப்ரோப்ரியேட் சைனஸ் டாக்கிகார்டியா. சுருக்கமா ஐ.எஸ்.டி."

ஐ.எஸ்.டி.! ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டில் எழுதியிருந்ததே, அதே மூணு எழுத்து! அந்தப் பூத்தில் மீட்டர் எகிறுவதைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். எனக்கு மீட்டர் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது.

நெஞ்சுக்குள்ளே ஒரு பிரேக்

டாக்டரம்மா சொல்லிப் புரிந்துகொண்டதையும் அதற்கப்புறம் தேடிப் படித்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இதயத்தின் வலது மேல் அறையில், பெரிய ரத்தக்குழாய் வந்து சேரும் இடத்தில் சைனஸ் நோட் என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. 'அடி... அடி...' என்று உத்தரவு போடும் மேஸ்திரி அதுதான். அதைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. இங்கிலாந்தில் ஆர்தர் கீத் என்ற உடற்கூறு நிபுணர் ஒருநாள் மனைவியோடு சைக்கிளில் வெளியே போயிருந்தார். வீட்டில் மார்ட்டின் ஃப்ளாக் என்ற மருத்துவ மாணவர் ஓர் அகழெலியின் இதயத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கீத் திரும்பி வந்ததும் வராததுமாக, 'இங்கே வந்து பாருங்கள்' என்று இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். இருவரும் சேர்ந்து 1907-ல் அதை உலகத்துக்குச் சொன்னார்கள்.

இந்த மேஸ்திரியை அவன் இஷ்டத்துக்கு விட்டால் ஓய்வாக இருக்கும்போதே நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 100 தடவை அடிப்பானாம்! மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். ஆபரேஷனில் நரம்புகள் அறுபடுவதால் அவர்கள் இதயம் சும்மா இருக்கும்போதே 90, 100 என்று ஓடுகிறது. நம்மில் பலருக்கு 70, 72 என்று இருப்பதற்குக் காரணம், மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் என்ற நரம்பு. அது எப்போதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே இருக்கிறது. ஆக்ஸிலேட்டர் வேறொரு நரம்புக் கூட்டம். நாய் துரத்தினால் அதற்கு வேலை.

பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தவர் ஓட்டோ லோவி. ஆஸ்திரியாவில் பேராசிரியர். அவருக்கு அந்தச் சோதனை கனவில் வந்தது! நடுராத்திரி எழுந்து துண்டுச் சீட்டில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. (டாக்டர் கையெழுத்தாயிற்றே!) அடுத்த ராத்திரி மூன்று மணிக்கு அதே கனவு மறுபடி வந்தது. இந்தத் தடவை எழுதவில்லை. நேரே பரிசோதனைச் சாலைக்கு ஓடினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டிவிட்டு, அந்த இதயம் கிடந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்துக்கு ஊற்றினார். அதுவும் மெதுவாகிவிட்டது. நரம்பு ஒரு ரசாயனத்தின் வழியாகத்தான் பேசுகிறது என்று தெரிந்தது. 1921-ல் வெளியான இந்த ஆராய்ச்சிக்காக 1936-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

என் போன்றவர்களுக்கு பிரேக் தேய்ந்துவிட்டதா, ஆக்ஸிலேட்டர் ஒட்டிக்கொண்டதா, மேஸ்திரிக்கே கொழுப்பா? மூன்றுக்கும் சாட்சி இருக்கிறதாம். ஒரே காரணம் என்று அடித்துச் சொல்ல இன்றைக்கும் முடியவில்லை. சிலருக்கு வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வருகிறது. கோவிட் வந்து போன பிறகு இப்படி அவஸ்தைப்படுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. இளவயசுக்காரர்கள் அதிகம், அதிலும் பெண்கள் அதிகம்.

ஆனால், யாரை ஐ.எஸ்.டி. என்று சொல்வது என்பதில் குழப்பம் இல்லை. அமெரிக்காவின் ஹார்ட் ரிதம் சொஸைட்டி 2015-ல் அளவு கோடு போட்டுவிட்டது. விழித்து, ஓய்வாக இருக்கும்போது 100-க்கு மேல். 24 மணி நேரச் சராசரி 90-க்கு மேல். கூடவே படபடப்பு, அசதி மாதிரி தொந்தரவு. வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்ட பிறகுதான் இந்தப் பெயர்.

என்னைப் படுக்கவைத்து நிற்கவைத்ததற்கும் காரணம் இருந்தது. படுத்திருந்தவர் எழுந்து நின்ற பத்து நிமிஷத்துக்குள், பி.பி. இறங்காமலே துடிப்பு மட்டும் முப்பதுக்கு மேல் எகிறினால், அது போட்ஸ் என்ற வேறு பிரச்னை. அண்ணன்-தம்பி மாதிரி, முகம் ஒன்று, குணம் வேறு. இன்னொரு வகை, ஸ்விட்ச் போட்ட மாதிரி திடீரென்று 160, 180 என்று கிளம்பி, திடீரென்று நிற்கும். அது ஷார்ட் சர்க்யூட். அதற்குக் கம்பி விட்டுச் சுட்டுச் சரி பண்ணும் வைத்தியம் உண்டு, பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. அதனால்தான், 'வேகமா அடிக்குது, டென்ஷன்' என்று முடித்துவிடக் கூடாது.

சிப்பாய்களுக்கும் இதே பாட்டு!

'டென்ஷன்' என்ற முத்திரை எனக்கு மட்டும் குத்தப்பட்டது இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நிறையச் சிப்பாய்கள் படபடப்பு, மூச்சிரைப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பரிசோதித்தால் ஒன்றும் இல்லை. டகோஸ்டா என்ற டாக்டர் 1871-ல் இவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். முதல் உலகப் போரிலும் அதே கதை. தாமஸ் லூயிஸ் என்ற இதய நிபுணர் இந்தச் சிப்பாய்களுக்குப் படிப்படியாக உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்து, 1918-ல் புத்தகமே போட்டார். இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, 1941-ல் பால் உட் என்ற இன்னொரு நிபுணர், 'இது இதயக் கோளாறே இல்லை, மனசுதான் காரணம்' என்று வாதாடினார்.

அந்தச் சிப்பாய்கள் எல்லாருக்கும் என் வியாதிதான் என்று நான் சொல்ல வரவில்லை. பலருக்குப் பயம்தான் காரணமாக இருந்திருக்கும். குண்டு விழுகிற இடத்தில் பயப்படாமல் இருப்பது எப்படி? ஆனால், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, 'உனக்கு ஒன்றும் இல்லை, கிளம்பு' என்று திருப்பி அனுப்பப்பட்டவனின் முகத்தை என்னால் கற்பனை பண்ண முடிகிறது.

டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். "எனக்கு மனசுலதான் பிரச்னையா மேடம்?"

"பயந்தா துடிப்பு கூடும். துடிப்பு கூடினாலும் பயம் வரும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளிவிடும். உங்களுக்குப் பயம் இருக்கு, இல்லைங்கல. ஆனா, டி.வி. பார்க்கும்போது 112 வர்றது பயத்தால இல்லை." அப்புறம் சொன்னார்: "காரணம் தெரியலைங்கறது வேற, ஒண்ணுமில்லைங்கறது வேற."

அந்த வாக்கியத்தை லீவு லெட்டர் மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சொஜ்ஜி-பஜ்ஜியும் 108-ம்

வியாதிக்குப் பெயர் கிடைத்த அதே வருஷம் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். மாமா தனியாகக் கூப்பிட்டார்.

"டேய் மாப்ளே, இந்த ஹார்ட்டு சமாசாரத்தை எல்லாம் வெளில விடாதே. அந்த வார்த்தை காதுல விழுந்தாப் போதும், சொஜ்ஜி-பஜ்ஜித் தட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க!"

ராத்திரியெல்லாம் யோசித்தேன். சொல்லாமல் கட்டிக்கொண்டால், ஒருநாள் மாத்திரை டப்பாவைப் பார்த்து அவள் கேட்பாள். 'டென்ஷன்' என்று பொய் சொல்வேனா? என்னை நம்பாதவர்கள் மேல் இத்தனை கோபப்பட்டுவிட்டு, நானே ஒருத்தியை ஏமாற்றுவதா?

சொல்லிவிட்டேன். முதல் வரன் மறுநாளே 'ஜாதகம் பொருந்தலை' என்றது. முந்தின வாரம் பத்துக்கு எட்டு பொருந்திய ஜாதகம்! இரண்டாவது வீட்டில் 'யோசிச்சுச் சொல்றோம்' என்றார்கள். இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வரன், ஒரு ஹோட்டலில் சந்தித்தோம். எல்லாருக்கும் காபி வந்தது. எனக்கு மட்டும் உப்புப் போட்ட மோர். "ஏன், காபி பிடிக்காதா?" என்று கேட்டாள். சொன்னேன். ஃபைலை ஒப்பிக்கிற மாதிரி முழுக்கச் சொன்னேன்.

மூன்று கேள்வி கேட்டாள்.

"உயிருக்கு ஆபத்தா?"

"ஹார்ட் நல்லா இருக்கறவங்களுக்குப் பெரும்பாலும் இல்லைன்னுதான் டாக்டர் சொன்னாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை எக்கோ பார்த்துக்கறேன்."

"பரம்பரையா வருமா?"

"எங்க வீட்ல யாருக்கும் இல்லை. ரொம்ப அபூர்வமா சில குடும்பங்கள்ல உண்டாம்."

"இப்ப எவ்வளவு?"

மணிக்கட்டில் விரல் வைக்கப் போனேன். வாட்ச்சைப் பார்த்தபடி அவளே எண்ணினாள். பெரியவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"108" என்றாள். "இதுல எனக்கு எவ்வளவு பங்கு?"

கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆகிறது. இரண்டு பேருமாகப் பார்த்து வாடகைக்குப் பிடித்த வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது!

காமெடி கரன்ட்!

வைத்தியம் என்ன என்று கேட்பீர்கள். பழைய மருந்து பீட்டா பிளாக்கர். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தும். எனக்கு அது ஒத்துவரவில்லை. துடிப்பைவிட என் சுறுசுறுப்புத்தான் அதிகமாகக் குறைந்தது.

அடுத்தது இவாப்ரடின். சைனஸ் நோட்டுக்குள் துடிப்பின் வேகத்தை ஏற்றி இறக்கும் ஒரு மின்னோட்டம் உண்டு. 1979-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு அதன் போக்கு விசித்திரமாக இருந்ததால், 'ஃபன்னி கரன்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நிஜமாக, ஸார்! மருத்துவப் புத்தகங்களிலேயே அதுதான் பெயர். அந்தக் காமெடி கரன்ட்டைத்தான் இந்த மாத்திரை அடக்குகிறது. வேறு இதய நோய்களுக்காக வந்த மருந்து. எங்களைப் போன்ற சிலருக்கும் டாக்டர்கள் யோசித்துக் கொடுக்கிறார்கள். அதே மாதிரி கரன்ட் கண்ணின் விழித்திரையிலும் இருப்பதால் சிலருக்குத் திடீர் திடீரென்று வெளிச்சம் பளிச்சிடும். எனக்கும் முதல் மாசம் ஃபோட்டோ ஸ்டூடியோவில் இருப்பது போலவே இருந்தது. கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. இந்த இரண்டில் எதையும் நீங்களாக வாங்கிப் போடவும் கூடாது. போட்டுக்கொண்டிருப்பதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

சைனஸ் நோட்டையே சுட்டுவிட்டால் என்ன? கேட்டேன். "மேஸ்திரியையே தீர்த்துக்கட்டிட்டா, அப்புறம் பேஸ்மேக்கர் வெக்கவேண்டி வரலாம். அப்பவும் படபடப்பு போகும்னு உத்தரவாதம் இல்லை" என்றார் டாக்டரம்மா. அந்த எண்ணத்தை அங்கேயே விட்டேன்.

மீதி எல்லாம் வீட்டு வைத்தியம்தான். தண்ணீர், மோர் நிறைய. எனக்கு பி.பி. குறைவு என்பதால் உப்பும் கொஞ்சம் கூடுதல். (உங்களுக்கு பி.பி. அதிகம் என்றால் இந்த வரியை மறந்துவிடுங்கள்.) நின்றுகொண்டிருக்கும்போது தலை சுற்றினால் கௌரவம் பார்க்காமல் உட்காருவது... பூக்கார அம்மா சொன்ன மாதிரி காலை நீட்டி! ஜலதோஷத்துக்கு நானாக மாத்திரை வாங்குவதை நிறுத்தினேன். சிலவற்றில் துடிப்பை ஏற்றிவிடும் சரக்கு இருக்கிறது.

உடற்பயிற்சிதான் கஷ்டம். 'ஏற்கெனவே ஓடுகிற இதயத்தை இன்னும் ஓட்டுவதா?' என்று பயம். முதலில் ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஐந்து நிமிஷம். ஒரு மாசம் கழித்துப் பத்து. ஆறு மாசத்தில் அரை மணி. லூயிஸ் சிப்பாய்களுக்குக் கொடுத்த அதே படிப்படிக் கணக்கு! மூன்றாவது மாடி ஏறும்போது இப்போதும் இரைக்கிறது. ஆனால் பாதியில் உட்காருவதில்லை.

கடைசியாக ஒரு மருந்து. துடிப்பு காட்டும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கியிருந்தேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பேன். பார்த்தால் பயம், பயந்தால் இன்னும் பத்து கூடும், அதைப் பார்த்து இன்னும் பயம்... ராத்திரி மனைவி அதைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டாள். இப்போது காலையில் ஒரு தடவை, அவ்வளவுதான். கவுன்சலிங்கும் போனேன். 'அப்போ மனசுல பிரச்னைதானே' என்று கேட்காதீர்கள். கால் உடைந்தவனும் பயப்படுவான். பயத்துக்கும் வைத்தியம் வேண்டும். அதற்காக கால் உடையவில்லை என்று ஆகிவிடாது.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, ஸ்விட்ச் போட்ட மாதிரி துடிப்பு எகிறினாலோ, தாறுமாறாகத் தாளம் தப்பினாலோ, இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் யாராவது சின்ன வயசில் திடீரென்று இறந்திருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

போன மாசம் எங்கள் ஆபீஸில் மறுபடி ரத்ததான முகாம். மாத்திரையோடு என் நாடி 88-க்கு வந்திருக்கிறது. ஆனாலும் மருந்து சாப்பிடுகிறவன் என்பதால் என்னிடம் எடுக்கமாட்டேன் என்றுவிட்டார்கள். அதனால் ஜூஸ் கொடுக்கும் மேஜையில் எனக்கு டியூட்டி.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருத்தன் வந்தான். கையில் பஞ்சு இல்லை, பிளாஸ்திரி இல்லை. முகம் தொங்கியிருந்தது.

"எவ்வளவு?" என்றேன்.

"112 ஸார். நெர்வஸ், ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம் தம்பி. ஒரு வாரம் காலையில எண்ணிப் பாரு. அப்பவும் நூறுக்கு மேலேயே இருந்தா, ஒரு ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், தைராய்டு மட்டும் பார்த்துடு. நாலாவது டாக்டர் அட்ரஸ் என்கிட்ட இருக்கு."

"நாலாவதா? முதல் மூணு யார் ஸார்?"

"முதல்ல ஜூஸைக் குடி. பெரிய கதை!"